இருபது ஆண்டு மின் ஒப்பந்தம், மூன்று ஆண்டு வாடகைக் கட்டடம்: எதை வைத்து ஒப்பிடுவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை வட்டாரத்தில் மசாலைத் தூளும் அரிசி மாவும் அரைத்து விற்கும் ஆலையைத் தம் தம்பியுடன் சேர்ந்து நடத்தும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆலை அவர்களுடைய தனியார் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் இருபது மாதங்கள் மிச்சம். அது முடிந்தபின் மேலும் மூன்றாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உண்டு. திங்கள் முதல் சனி வரை காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை இயந்திரங்கள் ஓடுகின்றன; ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதம் ஏறத்தாழ 20,000 யூனிட் செலவாகி, பில் பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது.

இப்போது அவர் கையில் மூன்று தாள்கள் இருக்கின்றன. முதல் நிறுவனம் கூரைமேல் 60 கிலோவாட் சூரிய மின்தகடுகளைத் தன் செலவிலேயே பொருத்தி, அந்த மின்சாரத்தை யூனிட்டுக்கு 36 சென் என்று 20 ஆண்டுகளுக்கு விற்க முன்வந்திருக்கிறது. விலை ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயரும். இரண்டாவது நிறுவனம் அதே அளவுத் தகடுகளை 15 ஆண்டு ஒப்பந்தத்தில், “தெனாகா கட்டணத்திலிருந்து 15 விழுக்காடு கழிவு” என்று சொல்கிறது. தெனாகா என்பது இப்போது ஆலைக்கு மின்சாரம் தரும் நிறுவனம். மூன்றாவது, அதே அளவு அமைப்பை 190,000 ரிங்கிட்டுக்குச் சொந்தமாக வாங்குவதற்கான விலைப்புள்ளி. முதல் நிறுவனத்தின் விற்பனையாளர் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்.

சகோதரியின் கேள்விகள் நான்கு. மூன்றில் எது மலிவு? சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகன் மின் நிறுவனத்தையே மாற்றிக்கொண்டதுபோல நாங்களும் தெனாகாவை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போகலாமா? புதிய சட்டப்படி ஆலைகள் மின்சாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வது உண்மையா? பிடிக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம் அல்லவா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் நீங்கள் இணைத்திருந்த பில்லையும் இரண்டு ஒப்பந்த வரைவுகளையும் முழுமையாகப் படித்தேன். மின் கணக்குகளை எங்கள் அலுவலகத்துக்கு உதவும் மின்பொறியாளர் ஒருவருடன் சேர்ந்து சரிபார்த்த பிறகே இதை எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்குக் கடைசியாகத்தான் விடை சொல்ல முடியும். மற்ற மூன்றும் தெளிந்த பிறகுதான் “மலிவு” என்ற கேள்விக்கே பொருள் வரும்.

சிங்கப்பூரில் 2018-இல் ஜூரோங்கில் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவு முழுவதற்கும் மின் சில்லறைச் சந்தை திறந்துவிடப்பட்டது. அங்கே ஒரு குடும்பம்கூடப் பல நிறுவனங்களின் விலைத் திட்டங்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தீபகற்ப மலேசியாவில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே உங்களைப் போன்ற ஆலைக்கு மின்சாரம் விற்பது தெனாகா நேஷனல் நிறுவனமே. கட்டணத்தை எரிசக்தி ஆணையத்தின் மேற்பார்வையில் அரசு முடிவு செய்கிறது. பக்கத்தில் இருக்கும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேறொரு நிறுவனம் விநியோகிக்கிறது என்றாலும், அங்குள்ள ஆலைகளும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. 2024-இல் அறிமுகமான, தனியார் பசுமை மின்சாரத்தைத் தெனாகாவின் கம்பி வழியே வாங்கும் திட்டம் பெரிய நிறுவனங்களுக்கானது. ஆகவே எந்தச் சூரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் தெனாகா பில் தொடர்ந்து வரும்; சிறியதாகும், அவ்வளவுதான். இந்தச் சூரிய ஒப்பந்தங்கள் தெனாகாவுக்கு மாற்று அல்ல, அதன்மேல் நீங்கள் ஏற்றுக்கொள்ளும் இரண்டாவது கடப்பாடு.

விற்பனையாளர் சொன்ன சட்டம் உண்மையில் இருக்கிறது. எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2024, கடந்த 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அது பெரும் பயனீட்டாளர் என்று கருதுவது பன்னிரண்டு மாதங்களில் 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் அல்லது அதற்குமேல் செலவிடும் நிறுவனத்தை. உங்கள் ஆலை ஆண்டுக்கு 240,000 யூனிட் செலவிடுகிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி உங்களை அவசரப்படுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அதே விற்பனையாளர், “நெம் திட்டத்தில் இடம் தீரப் போகிறது” என்றும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நெம் என்பது கூரைத் தகடுகளில் மிஞ்சும் மின்சாரத்தைத் தெனாகாவுக்குக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் திட்டம். அதன் கடைசி வடிவமான நெம் 3.0-இல் புதிய விண்ணப்பங்கள் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. அதற்குப் பதிலாக 2026 ஜனவரி 1 முதல் சோலார் அத்தாப் என்ற திட்டம் வந்திருக்கிறது. இதில் ஆலை பயன்படுத்தாமல் மிஞ்சும் மின்சாரத்துக்குத் தெனாகா பில்லில் கழிவு கிடைக்கும். ஆனால் வீடல்லாத இணைப்புகளுக்கு அந்தக் கழிவு நீங்கள் தெனாகாவுக்குக் கொடுக்கும் விலையில் கணக்கிடப்படுவதில்லை. மின் உற்பத்திச் சந்தையின் சராசரி விலையில்தான் கணக்கிடப்படுகிறது, அது உங்கள் கட்டணத்தைவிடக் குறைவு. அந்த மாதத்தில் தீராத கழிவு அடுத்த மாதத்துக்குச் செல்லவும் செல்லாது. உங்கள் வரைவு ஒப்பந்தத்தின் இணைப்பில் இன்னும் நெம் 3.0 என்றே அச்சாகியிருக்கிறது. பழைய படிவத்தை அப்படியே எடுத்து உங்களிடம் நீட்டியிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் பில்லைப் பாருங்கள்

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “பில்லில் மலாயில் ஏதோ ஒரு சுர்சார்ஜ் வருகிறது, அது என்னவென்று தெரியவில்லை.” உங்கள் முழுக் கடிதத்திலும் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி அதுதான்.

அது மின்திறன் காரணிக்கான அபராதம். பவர் ஃபேக்டர் என்று வயரிங்காரர்கள் சொல்வார்கள். அரைவை இயந்திரங்களின் மோட்டார்கள், வேலையாக மாறாத ஒருவகை மின்னோட்டத்தையும் கம்பியிலிருந்து இழுக்கின்றன. அந்த மின்னோட்டம் கூடக் கூடக் குறையும் இந்த எண் 0.85-க்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் பில்லில் 1.5 விழுக்காடு கூடுதலாக விதிக்கப்படும், 0.75-க்குக் கீழே இறங்கினால் அதற்கப்பால் ஒவ்வொரு 0.01-க்கும் 3 விழுக்காடு. உங்கள் பில்லில் அந்த எண் 0.81. அதாவது மாதம் 6 விழுக்காடு, ஏறத்தாழ 600 ரிங்கிட், எந்தப் பயனும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மின்பொறியாளர் ஒருவரைக் கொண்டு சரியான அளவில் கெப்பாசிட்டர் பெட்டி பொருத்தினால் இது நின்றுவிடும்.

இதைச் சரிசெய்யாமல் சூரிய மின்தகடுகளைப் பொருத்தினால் நடப்பது இன்னும் மோசமானது. தகடுகள் வேலைக்குரிய மின்சாரத்தை மட்டும் தந்து, தெனாகாவிடமிருந்து நீங்கள் வாங்கும் யூனிட்டுகளைக் குறைக்கும். மோட்டார்கள் இழுக்கும் அந்த மற்ற மின்னோட்டம் குறையாமல் தெனாகாவின் கம்பியிலிருந்தே வரும். இரண்டுக்கும் உள்ள விகிதம் கெட்டு, மீட்டரில் தெரியும் எண் சரியும். உங்கள் அளவுகளை வைத்து எங்கள் பொறியாளர் போட்ட கணக்கில் 0.81 என்பது 0.71 வரை இறங்குகிறது. அந்த நிலையில் அபராதம் 27 விழுக்காடு. மிச்சமுள்ள தெனாகா பில்லில் அது மாதம் ஏறக்குறைய 2,000 ரிங்கிட். இரண்டு நிறுவனங்களில் எது காட்டும் சேமிப்பையும் அது விழுங்கிவிடும். தகடுகளின் மின்சாரத்தை ஆலைக்கு ஏற்ற வகைக்கு மாற்றும் இன்வெர்ட்டர் கருவியை அதற்கேற்ப அமைத்து இதைத் தவிர்க்க முடியும். ஆனால் உங்கள் கையில் இருக்கும் எந்த வரைவிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அபராதம் கூடினால் யார் பொறுப்பு என்பதும் இல்லை.

இரண்டாவதாக, தெனாகாவிடமே ஒரு தேர்வு இருக்கிறது. 2025 ஜூலை 1-ஆம் தேதி கட்டண அமைப்பு மாறியபோது, வணிகம், தொழில் என்ற பழைய பிரிவுகள் போய், எந்த மின்னழுத்தத்தில் இணைப்பு இருக்கிறது என்பதே அடிப்படையாயிற்று. உங்களுடையது தாழ்வழுத்த இணைப்பு. அதன் பொதுக் கட்டணத்தில் மின்சக்திக்கு 27.03 சென், கொள்திறனுக்கு (மின் நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு) 8.83 சென், கம்பிக் கட்டமைப்புக்கு 14.82 சென், மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 50.68 சென். நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தால், மின்சக்திக்கான பகுதி மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை 28.52 சென்னாகவும், மற்ற நேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் 24.43 சென்னாகவும் இருக்கும்.

உங்கள் ஆலை வாரத்தில் ஓடும் 60 மணி நேரத்தில், விலை கூடிய அந்த உச்சநேரத்துக்குள் வருவது 20 மணி நேரம் மட்டும். இயந்திரங்கள் நாள் முழுவதும் ஒரே சீராக ஓடுவதாகக் கொண்டால் சராசரி 25.79 சென் ஆகிறது. மாதம் சுமார் 250 ரிங்கிட் மிச்சம். கனமான அரைவையைக் காலை நேரத்துக்கும், பொட்டலம் கட்டுவதைப் பிற்பகலுக்கும் மாற்றினால் இன்னும் கூடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதற்கு இருபது ஆண்டு கையெழுத்து வேண்டாம், கட்டட உரிமையாளரின் அனுமதி வேண்டாம், தெனாகாவிடம் ஒரு விண்ணப்பம் போதும்.

இந்த விலைகளோடு, எரிபொருள் விலையை ஒட்டி மாதந்தோறும் மாறும் ஏஎஃப்ஏ என்ற திருத்தமும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காடும் பில்லில் சேரும். இரண்டு ஒப்பந்தங்களை ஒப்பிடும்போது இவை இரு பக்கமும் ஒரே மாதிரி சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பனைத் தாள்களில் தெனாகா பக்கம் மட்டும் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும் பழக்கம் உண்டு.

இரண்டு சூரிய ஒப்பந்தங்களும் உண்மையில் என்ன சொல்கின்றன

பினாங்கின் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமாராக 1,300 யூனிட் தரும். 60 கிலோவாட் என்றால் மாதம் 6,500 யூனிட். இதில் ஏழில் ஒரு பங்கு, ஏறத்தாழ 930 யூனிட், ஆலை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உற்பத்தியாகிறது. நீங்கள் பயன்படுத்தப் போவது மீதி 5,570 யூனிட்.

முதல் நிறுவனத்தின் 36 சென், இன்றைய 50.68 சென்னைவிட 14.68 சென் குறைவு. பயன்படுத்தும் யூனிட்டுகளில் மாதம் 818 ரிங்கிட் சேமிப்பு. இரண்டாவது நிறுவனத்தின் 15 விழுக்காட்டுக் கழிவு 7.60 சென், மாதம் 423 ரிங்கிட். இதுவரை முதலாவதே மேல். ஆனால் இரண்டு வரைவுகளிலும் “உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதற்கும் வாங்குபவர் பணம் செலுத்த வேண்டும்” என்ற விதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்துக்காக முதல் நிறுவனத்துக்கு 335 ரிங்கிட்டும் இரண்டாவது நிறுவனத்துக்கு 401 ரிங்கிட்டும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். மிஞ்சும் மின்சாரத்துக்குக் கழிவு பெறும் அனுமதி எடுக்கப்படாவிட்டால், நிகரச் சேமிப்பு முதலாவதில் 483 ரிங்கிட்; இரண்டாவதில் 22 ரிங்கிட். அனுமதி எடுத்தால் ஒரு பகுதி திரும்பி வரும். அந்த அனுமதியை யார் எடுப்பது, கழிவு யாருக்குச் சேரும் என்பவை எழுத்தில் இல்லை. “பயன்படுத்திய யூனிட்டுக்கு மட்டுமே பணம்” என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் தகடுகளின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

முதல் நிறுவனத்தின் ஆண்டு 3 விழுக்காடு உயர்வைச் சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். பதின்மூன்றாம் ஆண்டில் விலை 51 சென்னைத் தாண்டுகிறது, இருபதாம் ஆண்டில் 63 சென்னைத் தொடுகிறது. அதற்குள் தெனாகா கட்டணமும் ஏறிவிடும் என்பது விற்பனையாளரின் வாதம். ஏறலாம். ஆனால் உங்கள் உயர்வு எழுதி வைத்த உயர்வு. தெனாகாவின் உயர்வு அரசு எடுக்கும் முடிவு. இரண்டாவது நிறுவனத்தின் கழிவு முறையில் தெனாகாவைவிட அதிகமாகக் கொடுக்கும் நிலை வராது என்பதே அதன் நல்ல பக்கம். கட்டணம் எந்தப் பக்கம் அசைந்தாலும் இரண்டாவதில் நீங்கள் கூடவே அசைகிறீர்கள். முதலாவதில் பந்தயம் கட்டுகிறீர்கள்.

அந்தக் கழிவு “தெனாகா கட்டணத்திலிருந்து” என்று மட்டும் எழுதப்பட்டிருப்பது ஆபத்தானது. எந்தக் கட்டணம்? மூன்று பகுதிகளும் சேர்ந்ததா, மின்சக்திப் பகுதி மட்டுமா? பொதுக் கட்டணமா, நேரவாரியா? நீங்கள் நேரவாரிக்கு மாறினால், காலை வெயிலில் வரும் யூனிட் மிச்சப்படுத்துவது 50.68 சென் அல்ல, 48.08 சென். இதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. தொழில் வளர்ந்து நடுத்தர அழுத்த இணைப்புக்கு நீங்கள் மாறினால், அங்கே மின்சக்திக்கு மட்டுமே யூனிட் கணக்கு: பொதுக் கட்டணத்தில் 29.83 சென். கொள்திறனும் கம்பிக் கட்டணமும் உச்சத் தேவையின், அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் நீங்கள் இழுத்த மிக அதிக மின்சாரத்தின், ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் முறையே 29.43, 59.84 ரிங்கிட் என்று விதிக்கப்படும். அந்த உச்சத் தேவை அரைமணி நேர அளவீட்டில் பதிவாவதால், மாதத்தில் ஒரு மழைப் பிற்பகலில் தகடுகள் ஓய்ந்திருந்தாலே அது குறையாமல் பதிவாகிவிடும். அப்போது 36 சென் கொடுத்து 30 சென் மின்சாரத்தை மிச்சப்படுத்திக்கொண்டிருப்பீர்கள். 2025-இல் கட்டண அமைப்பு ஒரே நாளில் மாறியதைப் போல இருபது ஆண்டுகளில் மீண்டும் மாறாது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கட்டண அமைப்போ இணைப்பு வகையோ மாறினால் விலையைத் திரும்பப் பேச வேண்டும் என்ற விதி எந்த ஒப்பந்தத்திலும் கட்டாயம் வேண்டும். உங்கள் வரைவுகளில் “சட்ட மாற்றத்தின் செலவை வாங்குபவர் ஏற்பார்” என்று ஒருபக்கமாக இருக்கிறது.

கூரை உங்களுடையது அல்ல

எண்களையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் மிஞ்சி நிற்கும் சிக்கல் இது. நீங்கள் கையெழுத்திடப் போவது 20 ஆண்டுகளுக்கு. அந்தக் கூரையின்கீழ் இருக்க உங்களுக்குள்ள உரிமை, புதுப்பித்தலையும் சேர்த்து, நான்கு ஆண்டு எட்டு மாதங்களுக்கு. தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். உங்களுடையது பதிவு தேவையற்ற மூன்றாண்டு வாடகை. கட்டட உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட்டாலோ, புதுப்பிக்கும்போது வாடகையை உங்களால் தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தினாலோ நீங்கள் வெளியேறுவீர்கள். மின் ஒப்பந்தம் உங்களை விட்டு வெளியேறாது.

முதல் வரைவின் இணைப்பில், முதல் ஐந்தாண்டுகளுக்குள் ஒப்பந்தம் முடிந்தால் நீங்கள் 240,000 ரிங்கிட் செலுத்தி அமைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதே அளவுப் புதிய அமைப்பின் விலை 190,000 ரிங்கிட் என்பதற்கு உங்கள் கையிலேயே விலைப்புள்ளி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதா என்று கேட்பீர்கள். ஒப்பந்தச் சட்டம் 1950, 75-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எதுவாக இருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெற இடம் தருவதில்லை. ஆயினும் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, எழுதப்பட்ட தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை பெரும்பாலும் ஒப்பந்தத்தை மீறியவர்மேல் விழுகிறது. தவிர, உங்கள் வரைவு அதை இழப்பீடு என்று சொல்லாமல் “வாங்கும் விலை” என்று எழுதியிருக்கிறது. 75-ஆம் பிரிவு இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று வாதிட அது வழிவிடும். வழக்காடி வெல்லலாம் என்ற நம்பிக்கையில் கையெழுத்திடுவதைவிட, இப்போதே அந்த அட்டவணையை மாற்றுவது பல மடங்கு எளிது.

கட்டட உரிமையாளருடன் உட்கார்ந்து பேசுங்கள். அவரிடமிருந்து எழுத்தில் வேண்டியவை: தகடுகள் பொருத்த இசைவு; தகடுகள் கட்டடத்தின் பகுதியாகிவிடாது என்ற ஒப்புதல்; கட்டடம் வங்கியில் ஈடாக இருந்தால் அந்த வங்கிக்கும் இது தெரியும் என்ற உறுதி; கூரை ஒழுகினால் யார் பழுதுபார்ப்பது என்பது. அதோடு நீண்டகாலக் குத்தகையைப் பதிவு செய்ய அவர் சம்மதித்தால், உங்கள் நிலைமை முற்றிலும் வேறாகிவிடும். அவர் சம்மதிக்காவிட்டால், ஒப்பந்தக் காலம் உங்கள் குத்தகைக் காலத்தைத் தாண்டக் கூடாது, அல்லது தகடுகளை நிறுவனமே கழற்றிப் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் விதி இருக்க வேண்டும், அல்லது அடுத்த வாடகைதாரருக்கு ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்ததும் உங்கள் பொறுப்பு முடிய வேண்டும். இம்மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சொந்தமாக வாங்குவதற்கும் இதே கணக்குத்தான். பயன்படுத்தும் 5,570 யூனிட்டுக்கு மாதம் சுமார் 2,820 ரிங்கிட் மிச்சமாகும். பராமரிப்பையும் வட்டியையும் விட்டுவிட்டால்கூட 190,000 ரிங்கிட் திரும்பி வர ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். உங்கள் வாடகை உரிமை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. குத்தகை நீண்டால், இம்மூன்றில் சொந்தமாக வாங்குவதையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பசுமை முதலீட்டு வரிச் சலுகை போன்றவையும் அமைப்புக்கு உரிமையாளரான நிறுவனத்துக்கே கிடைக்கும், மின்சாரத்தை மட்டும் வாங்குபவருக்குக் கிடைக்காது.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் உங்களுக்கு உதவாது

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 பாதுகாப்பது சொந்த, வீட்டு, குடும்பப் பயன்பாட்டுக்காகப் பொருளோ சேவையோ பெறுபவரை. உங்கள் நிறுவனம் ஆலைக்காக வாங்கும் மின்சாரம் அதில் சேராது. நடுவர் மன்றத்தின் வரம்பும் 50,000 ரிங்கிட்தான். இரு நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் வெளியேறும் வழி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விற்பனையாளர் வாயால் தந்த உறுதிமொழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொய்யான தகவலை நம்பிச் சம்மதித்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டம் வழி தருகிறது. ஆனால் சாதாரண அக்கறையோடு விசாரித்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த வழி அடைபடலாம். மேலும் உங்கள் வரைவின் கடைசிப் பக்கத்தில், “இதில் எழுதப்பட்டவை தவிர வேறு எந்த வாக்குறுதியும் இல்லை” என்ற விதி இருக்கிறது. மாதம் 6,500 யூனிட் நிச்சயம் என்று அவர் சொன்னாரென்றால், அந்த எண்ணை உறுதியளிக்கப்பட்ட உற்பத்தியாகவும், குறைந்தால் கிடைக்கும் ஈட்டையும் சேர்த்து இணைப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கில ஒப்பந்தம் சரியாகப் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மொழி ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களுக்கும் கடினமானது. ஆனால் புரியவில்லை என்பது கையெழுத்திட்ட பிறகு பாதுகாப்பு ஆகாது.

இன்னொன்றும் உண்டு, இதை உங்கள் தம்பியும் படிக்க வேண்டும். முதல் வரைவோடு இணைந்திருக்கும் இரண்டு பக்கத் தாள், இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதம். அதில் கையெழுத்திட்டால் நிறுவனம் செலுத்தத் தவறும் தொகைக்கு உங்கள் வீடும் சேமிப்பும் பொறுப்பாகும். அதை முழுவதுமாக நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஆறு மாத பில்லுக்கு இணையான தொகையோடு நிற்கும் வங்கி உத்தரவாதத்தை மாற்றாகத் தரலாம்.

எது மலிவு என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். இன்றைய நிலையில் உங்களுக்கு மலிவானது கெப்பாசிட்டர் பெட்டியும் நேரவாரிக் கட்டணமும். இரண்டும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 850 ரிங்கிட் தரும், முதல் நிறுவனம் காட்டும் மிகச் சிறந்த எண்ணைவிட அது அதிகம். சூரிய மின்சாரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பகலில் ஓடும் ஆலைக்கு அது நல்ல பொருத்தம். குத்தகைப் பேச்சு முடிந்த பிறகு, திருத்தப்பட்ட பில்லை வைத்து, சேடா என்ற நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களிடம் மட்டும் புதிய விலை கேளுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: எந்தக் கட்டணத்தோடு ஒப்பீடு, மிஞ்சும் மின்சாரத்துக்கு யார் பொறுப்பு, மின்திறன் காரணி குறைந்தால் யார் பொறுப்பு, ஒவ்வோர் ஆண்டிலும் வெளியேற எவ்வளவு.

வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வ இசைவு கிடைக்கும்வரை எந்த முடிவும் எடுக்க முடியாது என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அப்போது அவர்கள் “ஒப்பந்தம் வேண்டாம், விருப்பக் கடிதத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள்” என்று கேட்கக்கூடும். அதையும் எனக்கு அனுப்பாமல் கையெழுத்திடாதீர்கள். ஓராண்டு வேறு யாரிடமும் பேசக் கூடாது, பின்வாங்கினால் ஆய்வுச் செலவைத் தர வேண்டும் என்ற விதிகள் அந்த ஒரு பக்கத் தாளில்தான் பெரும்பாலும் இருக்கும். பின்னாளில் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் முப்பது நாளுக்குள் முத்திரை வரி செலுத்தி, முத்திரையிட்ட பிரதி ஒன்றை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.